பழைய ஸ்விஃப்ட் இன்ஜினுக்கு ஒரு ட்ராக் கார் சேஸிஸ்: முதல் கோடுல இருந்து முதல் ஓட்டம் வரைக்கும் முழு வழிகாட்டி

சேஸிஸ் கட்டணும்னு வர்றவங்க பெரும்பாலும் கையில ஒரு படத்தோடதான் வருவாங்க. பைப் எல்லாம் அழகா வளைஞ்சு போயிருக்கும், சைடுல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா "டயர் என்ன சைஸு, அப்ரைட் எந்த வண்டியோடது"ன்னு கேட்டா முழிப்பாங்க (அப்ரைட்னா வீல் ஹப்பை பிடிச்சிருக்கற பாகம்). பிரச்சனையே அங்கதான். சேஸிஸ்ங்கறது கடைசியா வரையறது. டயர் ரோட்டை எங்க தொடுது, சஸ்பென்ஷன் எங்க மாட்டுது, ஆள் எங்க உக்காரறான், இன்ஜின் எங்க நிக்குது, இது நாலும் முடிவான அப்பறம் அந்த புள்ளிகளை இணைக்கற பைப்தான் சேஸிஸ். இந்த வரிசையை மாத்துனா எங்கயோ ஒரு இடத்துல வெட்டி ஒட்ட வேண்டி வரும்.

இங்க நான் எடுத்துக்கறது ரெண்டு பேர் உக்காரற, மேல திறந்த, இன்ஜின் சீட்டுக்கு பின்னாடி இருக்கற ட்ராக் கார். முன் வீல் ட்ரைவ் வண்டியோட இன்ஜின், கியர்பாக்ஸ், ட்ரைவ் ஷாஃப்ட் எல்லாத்தையும் மொத்தமா தூக்கி பின்னாடி வெக்கறது. ஃபியட் எக்ஸ்1/9, முதல் டொயோட்டா எம்ஆர்2 ரெண்டும் இதே வேலையைத்தான் பண்ணுச்சு. நம்ம ஊர்ல இதுக்கு வசதியான டோனர் (பார்ட்ஸ் எடுக்கறதுக்காக பிரிக்கற வண்டி) ஸ்விஃப்ட், ஏன்னா பார்ட்ஸ் எங்க போனாலும் கிடைக்கும், மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும்.

1. ரோடா ட்ராக்கா, இதை முதல்லயே முடிவு பண்ணிடுங்க

ரோட்டுல ஓட்டலாம்னு நினைச்சு ஆரம்பிச்சா இங்கயே நிறுத்திக்கோங்க. கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52 தடுக்குது, புது வண்டின்னா மத்திய மோட்டார் வாகன விதி 126 படி ஏஆர்ஏஐ மாதிரி வண்டி சோதிக்கற ஏஜென்சில டைப் அப்ரூவல் (அந்த மாடலுக்கான ஒப்புதல்) வாங்கணும். ஒத்தை வண்டி கட்டற ஆளுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஸ்விஃப்டோட ஆர்சி இருக்கேன்னு அதை வெச்சு ஓட்டறதும் தப்பு, சேஸிஸ் நம்பரே வேற.

ட்ராக் மட்டும்னா எந்த ட்ராக், எந்த போட்டி, அதோட ரூல் புக் என்ன சொல்லுதுன்னு இப்பவே படிங்க. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயோ, இருங்காட்டுக்கோட்டையோ, எங்க இறக்கறதா இருந்தாலும் ரோல் ஹூப் (வண்டி கவுந்தா ஆளை காப்பாத்தற வளைவு பைப்) பைப் அளவு, சீட் பெல்ட் மாட்டற இடம், பேட்டரி கட்-ஆஃப் இதெல்லாம் ரூல் சொல்றபடிதான் இருக்கணும். சேஸிஸ் முடிஞ்ச அப்பறம் ரூல் புக் படிச்சா ஹூப்பை அறுத்துட்டு திரும்ப போட வேண்டியதுதான்.

2. கையில என்னென்ன இருக்கணும்

பைப் வாங்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் ரெடியா இருக்கணும்: டோனர் முழுசா, வீலும் டயரும் நாலு, சீட்டு, நல்ல வெர்னியர், டிஜிட்டல் ஆங்கிள் கேஜ், மூலைமட்டம், தூக்குக்குண்டு, கொத்தனார் வெச்சிருக்கற தண்ணி ட்யூப் மட்டம், ஆங்கிள் கிரைண்டர் ரெண்டு (ஒண்ணுல கட்டிங் வீல், ஒண்ணுல ஃபிளாப் டிஸ்க், மாத்தி மாத்தி போட்டே பாதி நாள் போயிடும்), பைப் நாட்சர் (இன்னொரு பைப் மேல பொருந்தற மாதிரி முனையை வளைவா வெட்டற கருவி), நிறைய கிளாம்ப். கிளாம்ப் எவ்வளவு இருந்தாலும் பத்தாது.

வெல்டிங் மிக் (கம்பி தானா வர்றது) ஆனாலும் சரி டிக் (ஃபில்லர் கம்பியை கையால குடுக்கறது) ஆனாலும் சரி. கேட், கிரில் அடிக்கற ராடு வெல்டிங் மட்டும் வேண்டாம், 1.6 மி.மீ. பைப் சுவர்ல ராடு வெச்சா ஓட்டை விழும், ஓட்டை விழக்கூடாதுன்னு ஆம்பியரை குறைச்சா மேலாப்புல ஒட்டி நிக்கும், உள்ள இறங்காது. உங்களுக்கு வெல்டிங் வராதுன்னா டேக் (பைப்பை இடத்துல நிறுத்தற சின்னப் பொட்டு வெல்ட்) வரைக்கும் நீங்க பண்ணுங்க, முழு வெல்டுக்கு டிக் நல்லா தெரிஞ்ச ஆளை கூட்டிட்டு வாங்க. அதுல ஒரு கௌரவ குறைச்சலும் இல்ல.

கிரைண்டர்ல கார்டை கழட்டாதீங்க, வெல்டிங் அடிக்கும்போது காட்டன் துணி போடுங்க, பாலியஸ்டர் பொறி பட்டா உருகி தோலோட ஒட்டிக்கும்.

3. டோனரை பிரிக்கறதுக்கு முன்னாடி அளந்துடுங்க

வண்டி கிடைச்ச சந்தோஷத்துல முதல் நாளே இன்ஜினை இறக்கிடறாங்க. வேண்டாம். வண்டி நாலு டயர்ல சமமான தரையில நிக்கும்போதே எடுக்க வேண்டிய அளவு நிறைய இருக்கு: ஹப் சென்டர் தரையில இருந்து எவ்வளவு உயரம், கீழ் ஆர்ம் எந்த சாய்வுல நிக்குது, ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேந்த பாகம்) மேல் பகுதி உள்பக்கம் எவ்வளவு சாயுது பின்பக்கம் எவ்வளவு சாயுது, ஸ்டீயரிங் ரேக்கோட உள் பால் ஜாயின்ட் எங்க இருக்கு, ட்ரைவ் ஷாஃப்ட் எந்த ஆங்கிள், இன்ஜின் எவ்வளவு சாஞ்சு உக்காந்திருக்கு. எல்லாத்தையும் ரெண்டே இடத்துல இருந்து அளங்க, தரை ஒண்ணு, வண்டியோட சென்டர் லைன் இன்னொண்ணு. பம்பர்ல இருந்து, ஃபெண்டர்ல இருந்துன்னு அளந்தா வண்டியை பிரிச்ச அப்பறம் அந்த அளவுக்கு அர்த்தமே இல்ல.

ஏன் இவ்வளவு? இந்த முன் சஸ்பென்ஷன் அப்படியே பின்னாடி போகப்போகுது. கம்பெனிக்காரன் கணக்கு போட்டு வெச்ச ஜியாமெட்ரி அது. சப்ஃபிரேம், கீழ் ஆர்ம், நக்கிள் (முன்ன சொன்ன அப்ரைட்தான்), ஸ்ட்ரட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு அதே இடத்துல இருந்தா பின்னாடி பாதி டிசைன் வேலை மிச்சம்.

வயரிங்கை வெட்டாதீங்க, ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் ஒட்டி பேர் எழுதி முழுசா உருவுங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேத்து எடை போட்டு எழுதி வெச்சுக்கோங்க, மவுன்ட் டிசைன் பண்ணும்போது வேணும்.

4. டயர்ல இருந்து உள்ள வாங்க

வீல்பேஸ் (முன் வீல் சென்டர்ல இருந்து பின் வீல் சென்டர் வரைக்கும்) 2300 - 2400 மி.மீ. வெச்சா ரெண்டு சீட்டுக்கும் பின் இன்ஜினுக்கும் இடம் கிடைக்கும். லோட்டஸ் எலீஸ் 2300, முதல் எம்ஆர்2 2320, அதனால இது ஆகாத அளவு இல்ல. உயரமான ஆளுன்னா 2400 பக்கமே போங்க, வீல்பேஸை கம்மி பண்ணி ஸ்போர்ட்டியா இருக்கும்னு நினைச்சுட்டு கடைசில பெடல் மேல முட்டி இடிக்கற வண்டி நிறைய பாத்தாச்சு.

பின் சஸ்பென்ஷன்ல எல்லாரும் தடுமாறற இடம் ஒண்ணு இருக்கு. முன் நக்கிளை பின்னாடி வெக்கும்போது ஸ்டீயரிங் ஆர்ம் அதுலயே இருக்கும், ஸ்டீயரிங் பண்ண வேண்டியதில்ல, அதனால அதை ஒரு லிங்க் போட்டு ஃபிரேம்ல கட்டிடுவாங்க. எங்க கட்டறாங்கங்கறதுதான் விஷயம். வசதியான பைப் எது பக்கத்துல இருக்கோ அதுல கட்டுனா, வீல் மேல கீழ போகும்போதெல்லாம் பின் வீல் தானா திரும்பும். வளைவுல பிரேக் பிடிக்கும்போது வண்டி சொல்லாம கொள்ளாம சுத்திடும். அந்த லிங்கோட உள் முனை, டோனர்ல ரேக்கோட உள் பால் ஜாயின்ட் எந்த இடத்துல இருந்துச்சோ அதே இடத்துல இருக்கணும், நீளமும் அதேதான். அளந்து வெக்க சொன்னதுக்கு இதுதான் முதல் காரணம்.

முன்னாடிக்கு இன்னொரு ஜோடி நக்கிள் வாங்கணும். இங்கயும் ஒரு பொறி இருக்கு. ட்ரைவ் ஷாஃப்ட் முன்னாடி தேவையில்லன்னு ஹப்பை வெறுமையா மாட்டிடறாங்க. இந்த மாதிரி ஹப்ல ஷாஃப்ட் நட்டை டார்க் பண்ணும்போது வர்ற இறுக்கம்தான் பேரிங்கை சேத்து பிடிச்சிருக்கு, ஷாஃப்ட் இல்லன்னா பேரிங் பிரிஞ்சு வீல் ஆட ஆரம்பிச்சிடும். பழைய சிவி ஜாயின்டோட வெளிப்பக்க தண்டை மட்டும் லேத்ல வெட்டி எடுத்து உள்ள போட்டு கம்பெனி டார்க்குக்கு இறுக்கிடுங்க.

முன்னாடி டபுள் விஷ்போன் (மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ஆர்ம்) போடறதா இருந்தா, ஸ்ட்ரட் மாட்டற ரெண்டு போல்ட் இடத்துல அடாப்டர் பிளேட் செஞ்சு மேல் பால் ஜாயின்டை அதுல வெக்கலாம். முன்பக்கம் இருந்து பாத்தா ரேக்கோட உள் பால் ஜாயின்ட், மேல் விஷ்போன் உள் புள்ளிக்கும் கீழ் விஷ்போன் உள் புள்ளிக்கும் நடுவுல போடற கோட்டுல விழணும், டை ராடை (ரேக்கையும் நக்கிளையும் இணைக்கற தண்டு) உள்பக்கமா நீட்டுனா ரெண்டு விஷ்போன் கோடும் சந்திக்கற அதே இடத்துக்கு போகணும். இது ரெண்டும் சரியா இருந்தா பம்ப் ஸ்டீயர் (வீல் மேல கீழ போகும்போது தானா திரும்பறது) கிட்டத்தட்ட இருக்காது. ரேக் நீளம் நம்ம இஷ்டத்துக்கு வராது, அதனால ரேக்கை முதல்ல கையில வாங்கி அளந்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி விஷ்போன் உள் புள்ளியை நகத்துங்க. எல்லாரும் தலைகீழா பண்றாங்க.

5. ஆளை உக்கார வெச்சு அளவெடுங்க

கேட்ல (CAD, கம்ப்யூட்டர்ல வரையற சாஃப்ட்வேர்) வர்ற பொம்மையை நம்பாதீங்க. பழைய பிளைவுட், பிவிசி பைப் வெச்சு ஒரு டம்மி காக்பிட் கட்டி, ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு உக்காருங்க. ஓட்டப்போறவங்கள்ல உயரமானவரையும் குட்டையானவரையும் உக்கார வைங்க. பெடல் முழுசா மிதிச்சாலும் முட்டி லேசா மடங்கி இருக்கணும், ஸ்டீயரிங்கை முழுசா சுத்துனா முட்டில இடிக்கக்கூடாது.

ஹெல்மெட் உயரத்தை குறிச்சுக்கோங்க. மாணவர் ஃபார்முலா (காலேஜ் பசங்க கார் கட்டற போட்டி) ரூல்ல முன் ஹூப் (ஸ்டீயரிங் பக்கம் இருக்கறது) உச்சியில இருந்து மெயின் ஹூப் (சீட்டுக்கு பின்னாடி இருக்கறது) உச்சிக்கு ஒரு கோடு போட்டா ஹெல்மெட் அதுக்கு 50 மி.மீ. கீழ இருக்கணும்னு இருக்கு. உங்க ரூல்ல வேற மாதிரி இருந்தாலும் இதை குறைஞ்சபட்சமா வெச்சுக்கறது நல்லது. தோள் உயரமும் குறிங்க, தோள் பெல்ட்டை மாட்டற பார் அந்த உயரத்துல வரணும். பார் ரொம்ப கீழ இருந்தா இடிக்கும்போது பெல்ட் தோளை கீழ அமுக்கும், முதுகெலும்புக்கு ஆபத்து.

6. இப்பதான் பைப் வரையணும்

இது வரைக்கும் வந்த புள்ளிகளை எல்லாம் கேட்ல போட்டாச்சுன்னா பைப் எங்க போகணும்னு பாதி தானா தெரியும். விதி ரெண்டே ரெண்டுதான். பாரம் வர்ற எந்த இடமும் பைப் சேர்ற முனையில விழணும், நடுப்பைப்புல விழக்கூடாது. சதுரமா நிக்கற எந்த கட்டத்துலயும் ஒரு குறுக்கு பைப் போகணும்.

காரணம் சிம்பிள். முக்கோணமா இருந்தா பைப்புக்கு வர்றது இழுவிசையும் அமுக்கு விசையும் மட்டும்தான், அதை மெல்லிசான பைப்பே தாங்கிடும். நடுவுல பாரத்தை தொங்க விட்டா பைப் வளையும், வளையாம இருக்கணும்னா தடிமனா போடணும், எடை ஏறும். அதே காரணத்துக்காகத்தான் ரோல் ஹூப்பை தவிர எந்த பைப்பையும் வளைக்காதீங்கன்னு சொல்றது, வளைஞ்ச பைப்பை இழுத்தா அது நிமிரத்தான் பாக்கும்.

காக்பிட் மேல திறந்திருக்கும், குறுக்கு பைப் போட முடியாது. அதனால சைடை ஆழமா வைங்க, சில் (ஏறி இறங்கும்போது தாண்டற சைடு ஓரம்) உயரமா இருக்கட்டும், நடுவுல டனல் (ரெண்டு சீட்டுக்கும் நடுவுல நீளவாக்குல போற கூடு) ஓடட்டும். ஏறி இறங்க கஷ்டமா இருக்கும்னு சில்லை தாழ்த்திட்டா வண்டி அங்கதான் முறுக்கும். அதே மாதிரி இன்ஜின் பே. மேல் குறுக்கு பைப்பை போல்ட் போட்டு கழட்டற மாதிரி வைங்க, இல்லன்னா இன்ஜின் வெளிய வராது, அதை முழுசா விட்டுட்டா ரெண்டு ஸ்ட்ரட் டவரும் தனித்தனியா ஆடும்.

கேட்ல அனாலிசிஸ் ஓட்ட தெரியலன்னா கவலை வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியில 1:5 மாடல் கட்டுங்க. முனைகளை பசை வெக்காம நூல்ல கட்டுங்க, பசை போட்டா முனையே விறைப்பா நின்னு தப்பா காட்டும். முன்னாடி ஒரு கை பின்னாடி ஒரு கை பிடிச்சு முறுக்குனா எந்த கட்டம் சாய்சதுரமா சரியுதுன்னு கண்ணுக்கே தெரியும். அங்க ஒரு குச்சி சேத்து திரும்ப முறுக்குங்க. லேப்டாப்ல கலர் கலரா வர்ற படத்தை விட இது புதுசா வர்றவங்களுக்கு சீக்கிரம் புரியுது.

7. பைப் வாங்கறது

முதல் சேஸிஸ்னா 25×25 சதுர ட்யூப், 1.6 மி.மீ. சுவர் எடுங்க, கீழ் ரெயிலுக்கும் சஸ்பென்ஷன் பக்கமும் 2 மி.மீ. உருளை பைப் எடை குறைவுதான் (25.4×1.6 உருளை மீட்டருக்கு 0.94 கிலோ, சதுரம் 1.18 பக்கம்), ஆனா உருளையில ஒவ்வொரு முனைக்கும் நாட்ச் போடணும், சதுரத்துல ரம்பம் வெச்சு ஆங்கிள் வெட்டுனா முடிஞ்சது. தரை ஷீட் ரிவெட் அடிக்கவும் தட்டையான முகம் கிடைக்கும். சதுரத்துல 45 மீட்டர் போனா 53 கிலோ, உருளைன்னா 42. அந்த 11 கிலோவுக்காக முதல் தடவையே நாட்ச்சோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல.

குரோம்மோலி, அதாவது 4130 போடலாமான்னு கேக்காதவங்களே இல்ல. அதுக்கு பலம் அதிகம், விறைப்பு அதே அளவுதான். எந்த ஸ்டீலா இருந்தாலும் யங் மாடுலஸ் 200 ஜிகா பாஸ்கல் பக்கம்தான். பைப் சுவரை மெல்லிசாக்கி எடையை குறைச்சாதான் 4130 போட்டதுக்கு பிரயோஜனம், மெல்லிசாக்குனா விறைப்பும் குறையும். முதல் சேஸிஸுக்கு மைல்டு ஸ்டீல் போதும்.

கடையில போய் "ஒரு இஞ்ச் பைப்"னு கேக்காதீங்க. தண்ணி பைப்பை எடுத்து குடுத்துடுவாங்க, அது உள்விட்டக் கணக்கு, வெளிய அளந்தா 33.7 மி.மீ. இருக்கும். வெளிவிட்டமும் சுவரும் மில்லிமீட்டர்ல சொல்லுங்க. வெர்னியர் கையோட கொண்டு போய் வெட்டுன முனையில அளங்க, 1.6னு சொல்லி 1.4 வர்றது சகஜம். ஜிஐ பூச்சு இருக்கறது வேண்டவே வேண்டாம், வெல்டிங் அடிக்கும்போது வர்ற துத்தநாகப் புகை காய்ச்சல்ல படுக்க வெச்சிடும், வெல்டும் ஓட்டை ஓட்டையா வரும்.

ரோல் ஹூப்புக்கு தனி பைப். எஃப்ஐஏ (உலக மோட்டார் ஸ்போர்ட் அமைப்பு) ரூலோட அப்பெண்டிக்ஸ் ஜே, ஆர்ட்டிகிள் 253ல மெயின் ஹூப்புக்கு 45×2.5 இல்லன்னா 50×2.0, மத்ததுக்கு 38×2.5 இல்லன்னா 40×2.0, தையல் இல்லாத கோல்ட் டிரான் கார்பன் ஸ்டீல்னு இருக்கு. டெஸ்ட் சர்டிஃபிகேட் வாங்கி பத்திரமா வைங்க, ஸ்க்ரூட்டினியில (போட்டிக்கு முன்னாடி வண்டியை செக் பண்றது) கேப்பாங்க.

8. மேஜை

இதுல மிச்சம் பிடிக்கறவங்கதான் அதிகம், அடி வாங்கறவங்களும் அவங்கதான். தரையில செங்கல் வெச்சு கட்டுனா சேஸிஸ் கோணலாத்தான் வரும்.

சி சேனல்ல 3.6×1.5 மீட்டர் ஃபிரேம் அடிச்சு, மேல தடிமனான தகடு போடுங்க, முடியலன்னா 25 மி.மீ. பிளைவுட். காலை தரையோட போல்ட் போட்டு ஷிம் (மெல்லிசான தகடு) வெச்சு மட்டம் பண்ணுங்க. ரசமட்டம் குறுக்க மட்டும்தான் காட்டும், மூலைக்கு மூலை சரியா இருக்கான்னு ட்யூப் மட்டத்துல தண்ணி விட்டு பாருங்க. 1 மி.மீ.க்குள்ள வரணும்.

மேஜை மேல சென்டர் லைன், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் கோடு மூணையும் கீறி விடுங்க, மார்க்கர் போட்டா அழிஞ்சிடும். ரைட் ஹைட் (ரோட்டுல இருந்து சேஸிஸ் அடி வரைக்கும் உயரம்) 120 மி.மீ.னு முடிவு பண்ணியிருந்தா மேஜை மேல்பாகம் சேஸிஸோட அடி, ரோடு அதுக்கு 120 கீழ இருக்கறதா கணக்கு. ஒருத்தர் ரோட்டுல இருந்து உயரம் சொல்லி இன்னொருத்தர் மேஜையில இருந்து அளந்து முன் விஷ்போன் எல்லாம் 120 தள்ளி போனதை பாத்திருக்கேன். எல்லா அளவையும் மேஜையில இருந்து மாத்தி ஒரே பேப்பர்ல எழுதி செவத்துல ஒட்டுங்க.

9. வெட்டறது

எல்லா பைப்பையும் ஒரே நாள்ல லிஸ்ட் பாத்து வெட்டி அடுக்கறது பாக்க நல்லா இருக்கும், வேலைக்கு ஆகாது. கீழ் ஃபிரேமுக்கு மட்டும் வெட்டுங்க, அதை டேக் பண்ணுங்க, அடுத்த பைப்பை அந்த இடத்துலயே அளந்து வெட்டுங்க. கேட் அளவுக்கும் நிஜத்துக்கும் அரை மில்லி ஒரு மில்லி வித்தியாசம் வந்துட்டேதான் இருக்கும், குறுக்கு பைப்ல வந்து மொத்தமா நிக்கும்.

இடைவெளி சுவர் தடிமன்ல பாதிக்கு மேல இருக்கக்கூடாது. "வெல்டுல ரொப்பிக்கலாம்"னு சொல்ற ஆளை பட்டறைக்குள்ள விடாதீங்க. இடைவெளி பெருசானா அவ்வளவு உலோகம் உருகி ஊத்தணும், ஆறும்போது அவ்வளவு சுருங்கும், பைப் அந்தப் பக்கம் இழுத்துக்கும்.

முனையில 25 மி.மீ. தூரம் மில் ஸ்கேல் (புது இரும்பு மேல இருக்கற கருப்பு படலம்), எண்ணெய் எல்லாம் போக வெள்ளையா தேய்ச்சு அசிட்டோன்ல துடைங்க. உள்பக்க பிசிறையும் எடுங்க.

10. டேக், டேக், டேக் மட்டும்

கீழ் ஃபிரேம், அதுக்கு மேல முன் பல்க்ஹெட் (முன் முனையில குறுக்க நிக்கற கட்டம்), அப்பறம் மெயின் ஹூப், அப்பறம் முன் ஹூப், அப்பறம் மேல் ரெயில், குறுக்கு பைப் எல்லாம் கடைசியில. ஹூப் ரெண்டும் முதல்லயே நிக்கணும், மேல் ரெயில் எல்லாம் அதுலதான் வந்து முடியுது.

ஒவ்வொரு பைப்புக்கும் ரெண்டு டேக், சின்னதா. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சதும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதுங்க, ரெண்டு குறுக்கும் 1.5 மி.மீ.க்கு மேல வித்தியாசப்பட்டா அன்னைக்கே டேக்கை அறுத்து சரி பண்ணுங்க. மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா மறுநாள் இன்னும் ஆறு பைப் அதுல தொங்கிட்டு இருக்கும்.

புதுசா வர்றவங்களால தாங்க முடியாத இடம் இதுதான். ஃபிரேம் நிக்குது, அழகா இருக்கு, ஒரு முனையாவது முழுசா அடிச்சு பாக்கலாமேன்னு கை துறுதுறுங்கும். அடிக்காதீங்க.

11. ரோல் ஹூப்

ஒரே பைப், நடுவுல ஒட்டு கிடையாது. வளைக்கறதுக்கு மேண்ட்ரல் பெண்டர் (பைப் உள்ள தாங்கல் குடுத்து வளைக்கற மெஷின்) வெச்சிருக்கற இடத்துக்கு போங்க, சைலன்சர் பைப் வளைக்கற பிரஸ்ல குடுத்தா வளைவுல தட்டையாகும், உள்பக்கம் மடிப்பு விழும். ஆர்ட்டிகிள் 253 படி வளைவோட சென்டர் ஆரம் விட்டத்துல மூணு மடங்காவது இருக்கணும், வளைஞ்ச இடத்துல சின்ன விட்டம் பெரிய விட்டத்துல 0.9க்கு குறையக்கூடாது. வெர்னியர் வெச்சு பாத்துட்டு காசு குடுங்க.

பின் ஸ்டே (ஹூப்பை பின்னாடி இருந்து தாங்கற பைப்) ஹூப் உச்சிக்கு பக்கத்துல சேரணும். மாணவர் ஃபார்முலாவுல உச்சியில இருந்து 160 மி.மீ.க்குள்ள, ஹூப்போட குறைஞ்சது 30 டிகிரின்னு சொல்றாங்க. ஸ்டேயோட கீழ் நுனி பைப் சேர்ற ஒரு முனையில இறங்கணும், நடுப்பைப்புல இறங்குனா கவுந்தா அந்த பைப் வளைஞ்சு ஹூப் சாஞ்சிடும், அப்பறம் ஹூப் இருந்து என்ன.

12. பிராக்கெட்

3 அல்லது 4 மி.மீ. தகட்டுல லேசர்ல வெட்டி வாங்கிடுங்க, கையால துளை போட்டா பத்துக்கு ரெண்டு தள்ளிப் போகும். எல்லா மவுன்டும் ரெண்டு பக்கமும் பிடிக்கற மாதிரி இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் நீட்டிட்டு நிக்கற போல்ட் வளையும். பைப்புக்கு குறுக்க போல்ட் போற இடத்துல உள்ள ஒரு ஸ்லீவ் வெச்சு வெல்ட் பண்ணுங்க, இல்லன்னா நட்டை இறுக்க இறுக்க பைப் நசுங்கும், போல்ட் எப்பவும் லூஸாவே இருக்கும்.

ஒரு விஷ்போனோட முன் பிராக்கெட், பின் பிராக்கெட் ரெண்டையும் தனித்தனியா வெக்காதீங்க. நேரான ஒரு நீள ராடை ரெண்டு பிராக்கெட் வழியாவும் விட்டு, அந்த ராடை மேஜையில இருந்து அளந்து நிறுத்தி, அப்பறம் டேக். துளை ரெண்டும் ஒரே கோட்டுல இல்லன்னா விஷ்போன் சிக்கி சிக்கி ஆடும், ராட் எண்ட் (விஷ்போன் முனையில இருக்கற பால் ஜாயின்ட்) சீக்கிரம் போயிடும். சீட் பெல்ட் போல்ட் 7/16 யூஎன்எஃப் (இஞ்ச் அளவு மரை), அதுக்குன்னே வர்ற வெல்ட் நட்டை வாங்கி போடுங்க.

13. முழு வெல்டுக்கு முன்னாடி ஒரு தடவை வண்டியா கட்டுங்க

டேக்லயே சேஸிஸ் நிக்கும்போது சஸ்பென்ஷன், வீல், சீட்டு, ரேக், பெடல், ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாத்தையும் மாட்டிப் பாருங்க. இன்ஜின் எடையை டேக் தாங்காது, அதனால கீழ ஜாக்ல தாங்கல் குடுத்து உள்ள ஏத்துங்க. ஏத்தறது மட்டும் இல்ல, இறக்கியும் பாருங்க, இந்த ஒண்ணைத்தான் எல்லாரும் மறக்கறாங்க.

ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, வீலை மேல கீழ தூக்கி எங்கயாவது இடிக்குதான்னு பாருங்க. கியர் கேபிள் மடங்காம போகுதா, தண்ணி பைப் டனல்ல போற வழி இருக்கா, ஆயில் ஃபில்டரை கழட்ட கை நுழையுதா, இன்ஜின் பெல்ட் மாத்த இடம் இருக்கா. ஸ்விட்ச் போர்டு, பிரேக் லைன் கிளிப், ஃபியூஸ் பாக்ஸ் இதுக்கெல்லாம் வேண்டிய சின்னச் சின்ன காதையும் இப்பவே டேக் பண்ணிடுங்க.

இந்த வேலைக்கு வெல்டிங்கை விட அதிக நேரம் போகும், போகட்டும்.

14. முழு வெல்ட்

இன்ஜின், ஈசியூ (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), பேரிங் இருக்கற பாகம் எல்லாத்தையும் கழட்டிடுங்க. எர்த் கிளாம்பை அடிக்கற இடத்துக்கு பக்கத்துலயே போடுங்க.

முதல்ல அதே பைப்போட வெட்டுத் துண்டுல டி ஜாயின்ட் அடிச்சு, வைஸ்ல பிடிச்சு சுத்தியல்ல அடிச்சு உடைங்க. வெல்ட் உரிஞ்சு வந்தா ஆம்பியர் பத்தல, பைப் கிழிஞ்சா சரி. இதை தினமும் காலைல ஆரம்பிக்கும்போது ஒரு துண்டுல பண்ணுங்க. மிக்னா 0.8 கம்பி ஈஆர்70எஸ்-6, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ். டிக்னா ஈஆர்70எஸ்-2 ஃபில்லர்.

வரிசைதான் முக்கியம். சேஸிஸ் மேஜையோட கிளாம்ப்ல இருக்கும்போதே நடுவுல இருந்து வெளிய போங்க. இடது பக்கம் ஒரு முனையில ஒரு முகம், அடுத்து வலது பக்கம் அதே முனையில அதே முகம், அப்பறம் முன்னாடி, அப்பறம் பின்னாடி. ஒரு முனையை சுத்தி ஒரே மூச்சுல அடிச்சு முடிச்சா பைப் கடைசியா அடிச்ச பக்கமோ முதல்ல அடிச்ச பக்கமோ இழுத்துக்கும், எந்தப் பக்கம்னு உங்களால சொல்லவே முடியாது. பிராக்கெட் அடிக்கும்போது அந்த நீள ராடு உள்ளயே இருக்கட்டும்.

ரெண்டு முனையும் மூடற பைப்ல ரூலுக்கு இடையூறு இல்லாத இடத்துல 3 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க. உள்ள சூடாகற காத்து வெளிய போக வழி இல்லன்னா கடைசி அரை இஞ்ச் வெல்டை ஊதித் தள்ளிடும். வேலை முடிஞ்ச அப்பறம் அதை அடைச்சிடுங்க, இல்லன்னா உள்ள துரு பிடிக்கும்.

சீக்கிரம் ஆறணும்னு தண்ணி ஊத்தாதீங்க, ஈரத்துணியும் போடாதீங்க, இரும்பு நொறுங்கற மாதிரி ஆயிடும். அழகுக்காக வெல்டை கிரைண்டர்ல தேய்க்காதீங்க. தேய்ச்சா பலம் இருக்கற இடம்தான் போகுது, செக் பண்ற ஆளும் எதையோ மறைக்கறீங்கன்னுதான் நினைப்பார்.

15. முறுக்கிப் பாக்கறது

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இது நடக்கணும். பின் சஸ்பென்ஷன் மவுன்ட் ரெண்டையும் மேஜையோட இறுக்கிக் கட்டுங்க. முன்னாடி சேஸிஸை நடு சென்டர்ல ஒரே ஒரு கூர்முனை மேல நிறுத்தி, குறுக்க ஒரு பலமான பீமை கட்டி, சென்டர்ல இருந்து 1 மீட்டர் தள்ளி 50 கிலோ தொங்க விடுங்க. அது 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முன் மவுன்ட் ரெண்டு பக்கமும் டயல் கேஜ் வைங்க.

உதாரணத்துக்கு கேஜ் ரெண்டுக்கும் நடுவுல 1200 மி.மீ., ஒரு பக்கம் 2 மி.மீ. இறங்கி இன்னொரு பக்கம் 2 ஏறுனா மொத்தம் 4. 4ஐ 1200ஆல வகுத்தா 0.00333 ரேடியன், 0.191 டிகிரி. 490ஐ அதால வகுத்தா டிகிரிக்கு 2,570 நியூட்டன் மீட்டர் பக்கம் வருது. பின்னாடி கட்டுன இடத்துலயும் ஒரு கேஜ் வெச்சு அங்க ஆடறதை கழிக்க மறக்காதீங்க.

வெறும் நம்பரை விட உபயோகமானது, நீளவாக்குல நாலஞ்சு இடத்துல அளந்து கிராஃப் போடறது. கோடு எந்த இடத்துல திடீர்னு செங்குத்தா ஏறுதோ அங்கதான் வண்டி முறுக்குது. பெரும்பாலும் காக்பிட், இல்லன்னா இன்ஜின் பே. இந்த மாதிரி காருக்கு, தரை ஷீட் இல்லாம டிகிரிக்கு 3,000 நியூட்டன் மீட்டருக்கு கீழ வந்தா நான் அந்த இடத்துல குறுக்கு பைப் சேப்பேன். மத்த இடத்துல எவ்வளவு பைப் போட்டாலும் எடைதான் ஏறும்.

16. பெயின்ட், ஷீட், முதல் ஓட்டம்

பவுடர் கோட்டிங் இப்ப வேண்டாம். ஓட்டிப் பாத்த அப்பறம் இன்னும் ரெண்டு காது ஒட்ட வேண்டி வரும், கண்டிப்பா வரும். பிரைமர் அடிச்சு மேல வெளிர் சாம்பல் கலர் மெல்லிசா அடிங்க, கருப்பு அடிச்சா விரிசல் கண்ணுக்கே தெரியாது.

தரைக்கு 1.6 மி.மீ. அலுமினிய ஷீட், ஸ்ட்ரக்சரல் பசை தடவி 4.8 மி.மீ. ரிவெட் 50 மி.மீ.க்கு ஒண்ணு. பசை பிடிமானத்துக்கு மட்டும் இல்ல, அலுமினியமும் இரும்பும் நேரா தொட்டா ஈரத்துல அரிச்சிடும்.

முதல் தடவை ட்ராக்ல இறக்கும்போது மெதுவா ரெண்டு மூணு ரவுண்டு, உள்ள வந்து சஸ்பென்ஷன் பிராக்கெட் எல்லா முனையும் டார்ச் அடிச்சு பாக்கறது, எல்லா நட்டையும் திரும்ப டார்க் பாக்கறது, ஒவ்வொரு நட்டுலயும் பெயின்ட் மார்க் போட்டு அது நகந்திருக்கான்னு பாக்கறது. அப்பறம் கொஞ்சம் வேகமா, திரும்பவும் அதே. சந்தேகமான வெல்ட் இருந்தா டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே வாங்கி அடிங்க, பெயின்டை அந்த இடத்துல சுரண்டிட்டு சிவப்பு அடிச்சு, ஊற விட்டு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சா விரிசல் இருந்தா சிவப்பு கோடா எழும்பி வரும். கோடு வந்துச்சுன்னா அது மேலயே வெல்ட் பண்ணாதீங்க, விரிசலை முழுசா கிரைண்ட் பண்ணி எடுத்துட்டு அடிங்க, அந்த இடம் ஏன் விரிஞ்சுச்சுன்னு பாத்து பாரத்தை பக்கத்து முனைக்கு கொண்டு போற மாதிரி ஒரு கஸ்ஸெட்டோ (மூலையில ஒட்டற முக்கோண தகடு) பைப்போ சேருங்க. இல்லன்னா அடுத்த ட்ராக் டேல அதே இடத்துலதான் திரும்ப விரியும்.